பத்திரத்தில் ஏறாத விலை: இந்திய வருமான வரியும் நிலத்தில் போட்ட பணமும்

இந்தியாவில் வருமானம் அதிகம் உள்ளவர்கள் வரிச்சுமையைக் குறைக்கக் கையாண்ட வழிகளில் நீண்ட காலம் நிலைத்தது வீடும் மனையும் வாங்குவது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வீட்டுக்கும் நிலத்துக்கும் சட்டமே பல சலுகைகளைத் தந்தது. அதோடு, ஒரு மனை உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. முதல் காரணத்தை நம்பிச் செய்தது வரித் திட்டமிடல். இரண்டாவதை நம்பிச் செய்தது வரி ஏய்ப்பு. நூறாண்டுக்கும் மேலாக இரண்டும் ஒரே கிரயப் பத்திரத்தில் அருகருகே இருந்து வந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க அரசு மாற்றி மாற்றிப் போட்ட சட்டங்களே இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

தொடக்க காலம்

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு கஜானாவைக் காலி செய்திருந்த வேளையில், இந்தியாவின் முதல் நிதி உறுப்பினரான ஜேம்ஸ் வில்சன் 1860 பிப்ரவரி 18 அன்று தம் பட்ஜெட்டில் வருமான வரியை முன்மொழிந்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாயிலிருந்து 500 வரை உள்ளவர்களுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். இந்த வரியை வெளிப்படையாக எதிர்த்த அதிகாரி சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெலியன். தம் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டதால் அவரை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. பிறகு அவரே நிதி உறுப்பினராக இந்தியா வந்தார். 1865-ல் அவர் போட்ட பட்ஜெட்டில் வருமான வரி நீட்டிக்கப்படாமல் கைவிடப்பட்டது.

1860 சட்டம் நிலத்திலிருந்து வரும் வருமானத்தையும் சேர்த்தே வரி விதித்தது. 1886 சட்டம் விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. நிலவரி தனியாகக் கட்டப்படுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த விலக்கு இன்றுவரை நீடிக்கிறது. 1922 சட்டம் வீட்டு வருமானத்தைத் தனித் தலைப்பில் வைத்தது. வீடு ஆண்டுக்கு என்ன வாடகை பெறக்கூடும் என்று கணித்து, அதில் ஆறில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்து, மிச்சத்துக்கு வரி போட்டார்கள். உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கற்பனை வாடகை அவருடைய மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அன்று வீட்டை வாங்கி விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு வரியே கிடையாது. சொத்து வாங்கி விற்பதே தொழில் என்று நிரூபிக்கப்பட்டால் ஒழிய, ஆயிரத்துக்கு வாங்கிய மனையைப் பத்தாயிரத்துக்கு விற்றவர் அரசுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை.

அந்த நிலை முதன்முதலாக மாறியது 1947-ல். இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் கொண்டுவந்த மூலதன ஆதாய வரி, 1946 மார்ச் 31-க்குப் பிறகு நடந்த விற்பனைகளுக்குப் பொருந்தியது. ஆனால் 1948 ஏப்ரல் முதல் அது கைவிடப்பட்டது.

குடும்பம் என்ற தனி ஆள்

சொத்துள்ள இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறொரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் பிரிபடாத இந்துக் கூட்டுக் குடும்பம் தனியொரு ஆள். தகப்பனுக்குத் தொழிலிலிருந்து வரும் வருமானம் அவர் பெயரில். பூர்வீக வீடுகளின் வாடகை குடும்பத்தின் பெயரில். இரண்டுக்கும் தனித்தனி விலக்கு வரம்பு, தனித்தனி வரி அடுக்கு. வரி விகிதம் ஏற ஏற, ஒரே வீட்டில் வரி கட்டும் 'ஆட்கள்' பெருகினார்கள்.

மனைவி, மக்கள் பெயரில் சொத்தை எழுதிவைத்து வருமானத்தைப் பிரித்துக் காட்டுவதை 1937 திருத்தம் தடுத்தது. அப்படிப் பிரித்த வருமானம் கணவன் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. ஆனால் தானே சம்பாதித்த சொத்தைக் கூட்டுக் குடும்பப் பொதுச் சொத்தோடு சேர்த்துவிட்டதாக ஒருவர் அறிவித்தால், அதைத் தடுக்க வழியில்லாமல் இருந்தது. 1969 டிசம்பர் 31-க்குப் பிறகு அப்படிச் சேர்த்த சொத்தின் வருமானமும் சேர்த்தவரின் கணக்கிலேயே வரும் என்று சட்டம் அந்த வழியையும் அடைத்தது.

அடுத்து எஞ்சியது பகுதிப் பாகப்பிரிவினை. குடும்பம் கூட்டாகவே இருக்கும். ஒரு வீட்டையோ ஒரு மனையையோ மட்டும் பாகம் பிரித்துக்கொள்வார்கள். இப்படி ஒவ்வொரு சொத்தாகப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு குடும்பத்திலிருந்து பல சிறு குடும்பங்கள் வரிக் கணக்கில் முளைக்கும். 1978 டிசம்பர் 31-க்குப் பிறகு நடந்த பகுதிப் பாகப்பிரிவினை எதையும் வருமான வரித்துறை ஏற்காது என்று 1980-ல் திருத்தம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. வல்லியப்பன் வழக்கு என்று அறியப்படும் மேல்முறையீட்டில் 1999-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று முடித்துவைத்தது.

97.75 சதவீதம்

1956-ல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டோர் இந்திய வரி அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். மூலதன ஆதாய வரி, ஆண்டுதோறும் செல்வ வரி, நன்கொடை வரி, செலவு வரி ஆகிய நான்கையும் கொண்டுவாருங்கள். அவை வந்துவிட்டால் வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதமாகக் குறைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி புதிய வரிகளை எடுத்துக்கொண்டார். மூலதன ஆதாய வரி 1957 ஏப்ரல் முதல் மீண்டும் வந்தது. செல்வ வரியும் செலவு வரியும் 1957-லும், நன்கொடை வரி 1958-லும் வந்தன. இறந்தவரின் சொத்துக்கான எஸ்டேட் வரி 1953-லிருந்தே இருந்தது. 1960-களில் அதன் உச்சம் 85 சதவீதத்தைத் தொட்டது. கால்டோரின் யோசனையில் அரசு விட்டுவிட்டது விகிதக் குறைப்பை மட்டும்தான்.

விகிதம் குறையவில்லை, ஏறியது. 1970-களின் தொடக்கத்தில் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அந்த வரியின் மேல் 15 சதவீதக் கூடுதல் வரி. ஆக 97.75 சதவீதம். அந்த வரம்புக்கு மேல் ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் நின்றது 2 ரூபாய் 25 காசு. செல்வ வரியையும் சேர்த்தால் அதுவும் நில்லாது.

இப்படிப்பட்ட சூழலில் கணக்கில் காட்டாத பணம் போய்ச் சேர்ந்த பெரிய இடம் நிலம். அன்று நடந்த பேரத்தை ஒரு கற்பனை எண்ணில் பார்க்கலாம். வீட்டின் விலை 5 லட்சம் என்று பேசி முடித்தால், பத்திரத்தில் 3 லட்சம் எழுதி, மிச்சம் 2 லட்சத்தை ரொக்கமாகக் கொடுப்பார்கள். விற்றவருக்கு அந்த 2 லட்சத்தின் மேல் ஆதாய வரி இல்லை. வாங்கியவருக்குக் கறுப்புப் பணம் செங்கல்லும் சிமென்டுமாக மாறிவிட்டது. முத்திரைத் தீர்வையும் 3 லட்சத்துக்கு மட்டும்தான். இரண்டு பேருக்கும் லாபம் என்பதால் இரண்டு பேரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் இதில் ஒரு கண்ணி இருந்தது. வாங்கியவர் பிறகு விற்கும்போது அவருடைய வாங்கிய விலை காகிதத்தில் 3 லட்சம்தான். முழு விலையையும் வெள்ளையில் வாங்கினால், தாம் உண்மையில் அடையாத ஆதாயத்துக்கும் வரி கட்ட வேண்டும். அதனால் கறுப்பில் வாங்கியவர் கறுப்பில்தான் விற்க வேண்டியிருந்தது. ஒரு தெருவில் நான்கு வீடுகள் இப்படிக் கைமாறினால், நேர்மையாக விற்க நினைக்கும் ஐந்தாமவருக்கும் முழு வெள்ளைப் பணத்தோடு ஆள் கிடைப்பது அரிது.

முன்னாள் தலைமை நீதிபதி கே.என். வாஞ்சூ தலைமையிலான குழு 1971 டிசம்பரில் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. 1968-69-ல் வரிக்கு மறைக்கப்பட்ட வருமானம் 1,400 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது. ஏய்ப்புக்கு முதல் காரணம் தாங்க முடியாத வரி விகிதமே என்று சொல்லி, உச்ச விகிதத்தை 75 சதவீதத்துக்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. 1974-ல் அது 77 சதவீதமாகவும், 1976-ல் 66 ஆகவும் இறங்கியது. 1985-ல் வி.பி. சிங் 50 ஆக்கினார். எஸ்டேட் வரியும் அந்த ஆண்டோடு ஒழிந்தது. 1997-ல் ப. சிதம்பரம் 30-க்குக் கொண்டுவந்தார்.

அரசே வாங்கிக்கொள்ளும் அதிகாரம்

விகிதத்தைக் குறைப்பது ஒரு மருந்து. மறைந்த விலையைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அரசு மூன்று முறைகளைச் செய்துபார்த்தது.

முதலாவது, வருமான வரி அதிகாரியே விலையை நிர்ணயிப்பது. சந்தை விலையைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டினால் சந்தை விலையையே விற்ற விலையாகக் கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டத்தின் 52(2) பிரிவு சொன்னது. எர்ணாகுளத்தில் 1958-ல் 16,500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு வீட்டை, அதன் உரிமையாளர் 1965-ல் தம் மருமகளுக்கும் பிள்ளைகள் ஐவருக்கும் அதே 16,500-க்கே விற்றார். அதன் சந்தை விலை 65,000 என்று முடிவு செய்த அதிகாரி 48,500 ரூபாயை ஆதாயமாக வைத்து வரி போட்டார். ஒரு ரூபாய்கூட அதிகமாக வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. வர்கீஸ் வழக்கு எனப்படும் இதில் 1981-ல் உச்ச நீதிமன்றம், விலையைக் குறைத்துக் காட்டியதாக நிரூபிக்கும் பொறுப்பு துறையினுடையது, வாங்காத பணத்துக்கு வரி இல்லை என்று தீர்ப்பளித்தது. ரொக்கமாகக் கைமாறிய பணத்துக்குச் சாட்சி கிடைக்காது என்பதால் அந்தப் பிரிவு அதோடு பல் பிடுங்கப்பட்டது. 1988-ல் அதைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, பத்திரத்தில் எழுதிய விலைக்கே சொத்தை அரசு எடுத்துக்கொள்வது. 1972 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 20-ஏ அத்தியாயம், 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட சொத்து சந்தை விலையைவிட மிகக் குறைவாகப் பதிவானால் அரசு அதைக் கையகப்படுத்தலாம் என்றது. இழப்பீடு, பத்திர விலையும் அதில் 15 சதவீதமும். இதுவும் பதிவு முடிந்த பிறகு நடக்கும் விசாரணையாக இருந்ததால் வழக்குகளில் சிக்கி நின்றது.

அதைத் தூக்கிவிட்டு 1986 அக்டோபர் முதல் வந்த 20-சி அத்தியாயம் முறையைத் தலைகீழாக்கியது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சொத்தை விற்பதாக ஒப்பந்தம் போட்டதுமே, விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து 37-ஐ என்ற படிவத்தில் விலையைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துறையின் ஆட்சேபம் இல்லை என்ற சான்று இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய முடியாது. விலை குறைவு என்று அதிகாரிகளுக்குப் பட்டால், ஒப்பந்தத்தில் எழுதிய அதே விலைக்கு அரசே சொத்தை வாங்கி ஏலம் விட்டுவிடும். விலையைக் குறைத்து எழுதி ரொக்கம் வாங்க நினைத்தவருக்கு இதில் பெரிய ஆபத்து இருந்தது: சொத்து அரசிடம் போகும், கையில் வருவது குறைத்து எழுதிய தொகை மட்டுமே. அந்தப் பயமே பெரிய பேரங்களின் எழுத்து விலையை உயர்த்தியது.

ஆனால் சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கிவிடும் அதிகாரமாக அது இருந்தது. 1992 நவம்பரில் சி.பி. கௌதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் இரு தரப்பையும் கேட்ட பிறகே, காரணம் எழுதியே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதன்பின் இதன் வேகம் குறைந்தது. 2002 ஜூலை 1 முதல் நடந்த விற்பனைகளுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்று அதே ஆண்டின் நிதிச் சட்டம் முடித்துவைத்தது.

வழிகாட்டி மதிப்பு வரிக் கணக்குக்குள் வந்தது

மூன்றாவது முறையின் வேர் மாநிலங்களின் பதிவுத் துறையில் இருந்தது. முத்திரைத் தீர்வை இழப்பைத் தடுக்க அன்றைய மெட்ராஸ் மாநிலம் 1967-ல் இந்திய முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவைச் சேர்த்தது. விலை குறைவாக எழுதியிருப்பதாகத் தோன்றினால் பதிவு அலுவலர் பத்திரத்தை மதிப்பு நிர்ணயத்துக்காக ஆட்சியருக்கு அனுப்பலாம். அலுவலருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டதால், தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்புப் பட்டியல்கள் உருவாயின.

2002 நிதிச் சட்டம் இந்தப் பட்டியலையே வருமான வரிக்கும் அளவுகோலாக்கியது. அது சேர்த்த 50சி பிரிவின்படி, நிலமோ கட்டடமோ விற்ற விலை முத்திரைத் தீர்வைக்கான மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், அந்த மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். கறுப்பில் பணம் வாங்கியதாகத் துறை நிரூபிக்க வேண்டியதில்லை. மதிப்பு அதிகம் என்று விற்றவர் கருதினால், துறையின் மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். 2009-ல் பதியாத ஒப்பந்தங்களையும் பிரிவு உள்ளே இழுத்துக்கொண்டது. பவர் பத்திரம் மூலம் சொத்தைக் கைமாற்றுவது விற்பனை ஆகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தப் பழைய வழி சுருங்கியது. 2013-ல் வாங்குபவரும் வளையத்துக்குள் வந்தார். வழிகாட்டி மதிப்பு 1 கோடி உள்ள வீட்டை 80 லட்சத்துக்குப் பதிந்தால், விற்றவரின் ஆதாயம் 1 கோடியை வைத்துக் கணக்கிடப்படும். மிச்சமுள்ள 20 லட்சம் வாங்கியவரின் வருமானத்தில் சேர்ந்து, 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 6 லட்சம் வரியாகும். 2020-லிருந்து 10 சதவீதம் வரையிலான வித்தியாசம் பொருட்படுத்தப்படுவதில்லை.

இதனால் மாநில அரசு வழிகாட்டி மதிப்பைத் தொட்டாலே மத்திய வரியும் அசையும். 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. வருமான வரிக் கணக்கில் குறைந்தபட்ச விலையும் அதே அளவு கீழே இறங்கியது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்ப வந்தது. பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது.

ரொக்கத்தின் மேலும் கட்டுப்பாடுகள் குவிந்தன. 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்து வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும் என்பது 2013 ஜூன் முதல். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல். மீறி வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். 1988-ல் இயற்றியும் விதிகள் இல்லாமல் ஏட்டில் கிடந்த பினாமிச் சட்டம், 2016 நவம்பர் 1 முதல் ஏழாண்டு வரை சிறையும் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் விதிக்கும் சட்டமாக உயிர்பெற்றது.

விற்ற பணம் மறுபடி வீட்டில்

சட்டமே திறந்துவைத்த வழிகளில் முக்கியமானது, ஆதாயத்தை மறுபடி வீட்டில் போடுவது. 1961 சட்டத்தின் 54-ஆம் பிரிவு, தான் குடியிருந்த வீட்டை விற்றவர் வேறு வீடு வாங்கினால் ஆதாயத்துக்கு வரி இல்லை என்றது. இடம் மாறும் நடுத்தரக் குடும்பத்துக்கான சலுகையாகத் தொடங்கிய இது 1982-ல் விரிந்தது. அந்த ஆண்டு சேர்ந்த 54எஃப் பிரிவு, பங்கு, நகை, மனை என எதை விற்றாலும் பணம் முழுவதையும் ஒரு வீட்டில் போட்டால் விலக்கு தந்தது. தொழிலை விற்றவரும் பங்குகளை விற்றவரும் பெரிய வீடு வாங்குவதற்கு இந்தப் பிரிவே காரணமாயிற்று. 2000-ல் வந்த 54ஈசி பிரிவு வீட்டுக்குப் பதில் அரசு நிறுவனங்களின் பத்திரங்களில் போடவும் இடம் கொடுத்தது. 2007-ல் அதற்கு ஆண்டுக்கு 50 லட்சம் என்று உச்சவரம்பு வந்தது.

சென்னை போன்ற நகரங்களில் 54எஃப் பிரிவுக்கு வேறொரு பயனும் கிடைத்தது. பழைய தனி வீடோ மனையோ வைத்திருப்பவர் அதை பில்டரிடம் 'ஜாயின்ட் வென்ச்சர்' கொடுத்து, பதிலுக்கு அங்கே எழும் அடுக்குமாடியில் சில ஃபிளாட்டுகளைப் பெற்றுக்கொள்வார். ஒரே இடத்தில் கிடைத்த ஐந்து ஃபிளாட்டுகளை 'ஒரு வீடு' எனக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆம் என்றது. ஆனால் அதே ஆண்டு நாடாளுமன்றம் 'இந்தியாவில் உள்ள ஒரே ஒரு குடியிருப்பு' என்று வாசகத்தைத் திருத்தி எதிர்காலத்துக்கு அந்த வழியை மூடியது. 2017-ல், இத்தகைய ஒப்பந்தத்தில் வரி பில்டருடன் கையெழுத்திட்ட ஆண்டில் அல்ல, கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில் என்று தனிநபர்களுக்கு நிம்மதி தரும் விதி வந்தது. 2023-ல் 54, 54எஃப் இரண்டின் கீழும் விலக்கு 10 கோடி ரூபாயோடு நின்றது. பெருஞ்செல்வர்கள் ஒரே மாளிகையில் முழு ஆதாயத்தையும் அடைக்கும் வழக்கம் அதோடு முடிந்தது.

ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. விவசாய நிலத்தை விற்ற ஆதாயத்துக்கும் 1970 வரை வரி இல்லை. நகரத்தைச் சுற்றிய தோப்பும் புஞ்சையும் மனையாகும் வரை வைத்திருந்து விற்பது அதனால் வரியில்லா முதலீடாக இருந்தது. 1970 நிதிச் சட்டம் நகராட்சி எல்லைக்குள்ளும், அறிவிக்கப்பட்ட இடங்களில் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரையிலும் உள்ள நிலத்தை வரிக்குள் கொண்டுவந்தது. கே.என். ராஜ் குழுவின் யோசனைப்படி 1973 முதல், வேறு வருமானமும் உள்ளவரின் விவசாய வருமானம் வரி அடுக்கைத் தீர்மானிக்க மட்டும் கூட்டிக்கொள்ளப்படுகிறது. 2013-ல் தூரம் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் என மாற்றப்பட்டு, சாலை வழியாக அல்லாமல் நேர்கோட்டில் அளக்கப்பட்டது. பண்ணை நிலம் வாங்குபவர்கள் ஆடிட்டரிடம் முதலில் கேட்கும் கேள்வி இன்றும் இந்தத் தூரம்தான்.

கடன் வட்டியும் இரண்டாவது வீடும்

2000-களில் வங்கிக் கடன் எளிதானதும், அதிகச் சம்பளக்காரர்களிடையே வேறொரு உத்தி பரவியது. குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் கழிக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. 2001-ல் அது 1.5 லட்சம், 2014-ல் 2 லட்சம். ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டிக்கு வரம்பே இல்லை. 1 கோடி கடனுக்கு 9 சதவீதத்தில் ஆண்டு வட்டி 9 லட்சம். வாடகை 3 லட்சம். பராமரிப்புக்கென 30 சதவீதம் கழிந்தால் 2.1 லட்சம். வீட்டில் நஷ்டம் 6.9 லட்சம். அதைச் சம்பளத்தில் கழித்தால் 30 சதவீத அடுக்கில் 2.07 லட்சம் வரி மிச்சம். ஐ.டி. துறையிலும் மருத்துவத்திலும் இருந்த பலர் குடிபோக எண்ணமில்லாத இரண்டாவது, மூன்றாவது ஃபிளாட்டுகளை வாங்க இந்தக் கணக்கும் ஒரு காரணம். 2017 நிதிச் சட்டம், வீட்டு நஷ்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் மட்டுமே மற்ற வருமானத்தில் கழிக்கலாம் என்றது. மேற்படி கணக்கில் மிச்சம் ஒரே நாளில் 60,000 ஆனது. 2020-ல் வந்து 2023 முதல் இயல்பு முறையாகிவிட்ட புதிய வரி முறையில் அந்த 2 லட்சமும் கிடையாது.

விலைவாசியைக் கழித்தபின் மிஞ்சுவது

நீண்ட நாள் வைத்திருந்த சொத்தின் ஆதாயத்தில் பெரும்பகுதி விலைவாசி ஏற்றமே. ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஏற்று 1992-ல் மன்மோகன் சிங் பணவீக்கக் குறியீட்டைக் கொண்டுவந்தார். வாங்கிய விலையைக் குறியீட்டால் பெருக்கி உயர்த்திக்கொண்டு, மிச்ச ஆதாயத்துக்கு 20 சதவீதம். 1981-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீடு 2017-ல் 2001-க்கு மாறியது.

2024 ஜூலை 23 அன்று இந்த முறை நீங்கி, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றானது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் எதிர்த்ததால், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்துக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் கூட்டுக் குடும்பமும் இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று ஆகஸ்டில் திருத்தினார்கள். 2001-02-ல் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு 2024-25 குறியீடு 363-ன்படி உயர்த்திய விலை 72.6 லட்சம். அந்த வீட்டை 1 கோடிக்கு விற்றால் பழைய முறையில் வரி 5.48 லட்சம், புதிய முறையில் 10 லட்சம். 2 கோடிக்கு விற்றால் பழைய முறையில் 25.48 லட்சம், புதிய முறையில் 22.5 லட்சம். விலை மெதுவாக ஏறிய வீட்டுக்குக் குறியீடு நல்லது. வேகமாக ஏறிய மனைக்குப் புதிய விகிதம் நல்லது.

இன்றைய நிலை

1993-க்குப் பிறகு பண்ணை வீடு, கார், நகை, காலி மனை போன்ற சில சொத்துகளுக்கு மட்டும் 1 சதவீதமாகச் சுருங்கியிருந்த செல்வ வரியை 2015-ல் அருண் ஜெய்ட்லி ஒழித்தார். 2013-14-ல் அது ஈட்டித் தந்தது 1,008 கோடி ரூபாய் மட்டுமே. அதற்குப் பதிலாக 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் கூடுதல் வரி 2 சதவீதம் உயர்ந்தது. 1961 சட்டத்தின் இடத்தில் 536 பிரிவுகள் கொண்ட வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் மேலே சொன்ன விலக்குகளும் வரம்புகளும் பெரும்பாலும் அப்படியே அதில் இடம்பெற்றன.

புதிய வரி முறையில் 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவரின் உச்ச வரி, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 39 சதவீதம். அவரே இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் ஆதாயத்துக்கு வரி 14.95 சதவீதத்தைத் தாண்டாது. இந்த இடைவெளி இருக்கும் வரை அதிக வருமானக்காரர்கள் நிலத்தை நாடுவது நிற்காது. மாறியிருப்பது ஆதாயம் கிடைக்கும் வழி. பெயர் மாற்றுவதிலும் பாகம் பிரிப்பதிலும் நஷ்டம் காட்டுவதிலும் கிடைத்த லாபம் அனேகமாக வற்றிவிட்டது. நீண்ட நாள் வைத்திருப்பதும் விற்ற பணத்தை உரிய காலத்தில் மறுமுதலீடு செய்வதும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. விலையைக் குறைத்துப் பதிவதால் ஒரு காலத்தில் இரு தரப்புக்கும் லாபம். இன்று வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால் இரு தரப்புக்கும் வரி. அதற்கு மேலே இருந்தாலும் குறைத்து எழுதிய ஒவ்வொரு ரூபாயும் வாங்கியவர் நாளை விற்கும்போது ஆதாயமாகத் திரும்பி வரும். பேசிய விலையைப் பத்திரத்தில் எழுதுவதே இப்போது மலிவான வரித் திட்டமிடல்.